14 மாட்டுக்கு மரபணுச் சோதனை வேண்டுமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஹோமாகமவில் எங்கள் குடும்பக் காணியில் தம்பியும் நானும் சேர்ந்து 14 கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். நான்கு மாடுகள் பிரீசியன்-சஹிவால் கலப்பு, மற்றவை ஜேர்சிக் கலப்பு. நல்ல நாளில் ஒரு மாடு 9, 10 லீற்றர் தரும். கனடாவில் இருக்கும் அண்ணாவின் மகன், அங்கே கன்று பிறந்த கையோடு மரபணுச் சோதனை செய்து எது நல்ல பசுவாகும் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், எங்கள் மாடுகளின் மயிரை அனுப்பினால் தானே செய்து தருகிறேன் என்கிறான். இதற்கிடையில் விந்து விற்கும் முகவர் ஒருவர் 'ஜீனோமிக் காளை' என்று ஒரு பட்டியலைக் காட்டினார். நாம் வழக்கமாகப் போடுவிக்கும் சினை ஊசியைவிடப் பல மடங்கு விலை. மாடுகளைச் சோதிக்கலாமா? அந்த விந்தை வாங்கலாமா? பால் வாங்குகிறவர்கள் 'ஏ2 பாலா?' என்று கேட்கிறார்கள், அதையும் இந்தச் சோதனையில் பார்க்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய காளைப் பட்டியலின் பக்கங்களையும் பார்த்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 மாட்டின் மயிரையும் பிடுங்கி வெளிநாட்டுக்கு அனுப்ப இப்போது அவசரம் இல்லை. ஆனால் மரபணுச் சோதனை செய்த காளையின் விந்தை, அதாவது முகவர் சொல்லும் 'ஜீனோமிக் காளை'யின் விந்தை, வாங்குவது நல்ல யோசனைதான். எந்தக் காளையை வாங்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். இந்த எண்களைக் காட்டிப் பேச இனி உங்களிடம் நிறையப் பேர் வருவார்கள்.

அண்ணாவின் மகன் சொன்னது உண்மை. பால்மாட்டு வளர்ப்பில் ஐம்பது அறுபது வருடம் மாறாமல் இருந்த ஒரு முறையை இந்தச் சோதனை மாற்றிவிட்டது. ஒரு காளை நல்லதா என்று காளையைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது பால் கறப்பதில்லை. அதனால் முன்பெல்லாம் இளம் காளையின் விந்தைப் பல பண்ணைகளுக்குக் கொடுப்பார்கள். ஒன்பது மாதம் கழித்துக் கன்று பிறக்கும். அதில் பெண் கன்று வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, ஒரு கறவைக் காலம் பால் தந்த பிறகுதான் தகப்பன் எப்படி என்று தெரியும். அதற்குள் காளைக்கு ஐந்து வயது தாண்டிவிடும். சோதனைக்கு விட்ட காளைகளில் பெரும்பாலானவை கடைசியில் கழிக்கப்படும். அத்தனையையும் அத்தனை வருடம் தீனி போட்டு வைத்திருக்க வேண்டும், செலவும் அப்படித்தான்.

2001இல் மெயூவிசன், ஹேஸ், கோடார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு வழியைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பால் அளவைத் தீர்மானிக்கும் மரபணு எது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மாட்டின் மரபணுத் தொகுதி முழுக்கப் பல்லாயிரம் இடங்களில் அடையாளங்களைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மதிப்புப் போட்டுக் கூட்டினால் போதும். அப்போது அப்படிப் பார்க்கக் கருவி இல்லை. 2008 வாக்கில் சுமார் 54,000 இடங்களை ஒரே தடவையில் வாசிக்கும் சில்லு ('சிப்') சந்தைக்கு வந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஹோல்ஸ்டீன் (உங்கள் பிரீசியனின் நெருங்கிய உறவினம்), ஜேர்சி இரண்டு இனங்களுக்கும் இந்த முறையில் அதிகாரபூர்வ மதிப்பீட்டை வெளியிட ஆரம்பித்தது. மாட்டின் முழு மரபணுத் தொகுதியை வாசித்த ஆய்வு வெளியானதும் அதே வருடம் ஏப்ரலில்தான்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்துவிட்டது. தாய் தகப்பன் இரண்டின் மதிப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கன்றைப் பற்றிக் கிடைக்கும் நம்பகம், அதாவது அந்த மதிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது, 35 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சில்லில் போட்டுப் பார்த்தால், பால் அளவைப் பொறுத்தவரை ஹோல்ஸ்டீனில் அது 70 சதவீதத்தைத் தாண்டும். கிட்டத்தட்ட 30 மகள்கள் கறந்து காட்டிய தகவலுக்கு அது சமம், கன்றோ இன்னும் தாயிடம் குடித்துக்கொண்டிருக்கும். அடுத்த தலைமுறைக் காளைகளுக்குத் தகப்பனாகும் காளையின் வயது அமெரிக்க ஹோல்ஸ்டீனில் முன்பு ஏழு வருடம் அளவில் இருந்தது. இப்போது இரண்டரை வருடத்துக்கும் கீழே வந்துவிட்டது.

பாலை விட எனக்கு முக்கியமாகப் படுவது சினைப்பிடிப்பு. அதில் மரபின் பங்கு 4 சதவீதம் அளவுதான், மீதியெல்லாம் தீனி, வெயில், நோய், ஊசி போட்ட நேரம். இப்படி மரபின் பங்கு குறைந்த குணங்களைப் பழைய முறையில் தேர்ந்தெடுப்பது பெரும்பாடு. ஒரு காளையைப் பற்றி ஓரளவாவது உறுதியாகச் சொல்ல நூறு மகள்களைப் பார்க்க வேண்டும். பாலுக்காக மட்டும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, பால் கூடக் கூட மாடு சினைபிடிக்காமல் போன வரலாறு மேற்கு நாடுகளில் உண்டு. மரபணுச் சோதனை வந்த பிறகு சினைப்பிடிப்பு, ஆயுள், மடி ஆரோக்கியம் போன்ற குணங்களில் முன்னேற்றத்தின் வேகம் மூன்று நான்கு மடங்காகியிருக்கிறது. உங்கள் கொட்டிலுக்குத் தேவையான குணங்களும் இவைதான்.

சரி, இவ்வளவு நல்ல சோதனையை ஏன் உங்கள் மாடுகளுக்கு வேண்டாம் என்கிறேன்?

அந்த 54,000 அடையாளங்களில் பெரும்பாலானவை மரபணுவே இல்லை. மரபணுவுக்குப் பக்கத்தில் நிற்கும் அடையாளங்கள். இந்த அடையாளம் இருக்கும் மாடு சராசரியாக இவ்வளவு பால் கூடத் தருகிறது என்பதை, பால் அளந்து எழுதி வைத்த லட்சக்கணக்கான மாடுகளைப் பார்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் நீங்கள் 100ஆம் இலக்க பஸ்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி ஏறலாம், அது காலி வீதியால் பாணந்துறைக்குப் போகும். அந்த நம்பிக்கையோடு வேறொரு ஊரில் அதே இலக்க பஸ்ஸில் ஏற முடியாது. அடையாளமும் அப்படித்தான். அமெரிக்க ஹோல்ஸ்டீனில் ஒரு நல்ல மரபணுவுக்குப் பக்கத்தில் நிற்கும் அடையாளம், சஹிவாலில் வேறொன்றுக்குப் பக்கத்தில் நிற்கலாம், எதற்குமே பக்கத்தில் இல்லாமலும் போகலாம். உங்கள் மாடுகள் ஜேர்சியும் சஹிவாலும் பிரீசியனும், இன்னும் பின்னால் போனால் நம் நாட்டு மாடும் கலந்தவை. அவற்றுக்குச் சமமான கலப்பில், நம் வெயிலில், நம் புல்லைத் தின்று, பால் அளந்து பதிந்த பெரிய மந்தை ஒன்று இருந்தால்தான் அந்த மயிரிலிருந்து வரும் எண்ணுக்குப் பெறுமதி. அந்த மந்தை இல்லாமல் சில்லில் போட்டாலும் எண் வரும். ஆய்வுகூடம் அழகாக அச்சடித்தும் தரும். ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு நாகுவை (இன்னும் ஈனாத இளம் பசுவை) விற்கவோ வைத்திருக்கவோ நான் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவிலேயே கலப்பு மாடுகளுக்கு அதிகாரபூர்வமாக இப்படி மதிப்புப் போடத் தொடங்கியது 2019இல்தான். அதுவும் அங்கே பதிவிலுள்ள ஐந்து இனங்களின் கலப்புக்கு. சஹிவால் அந்த ஐந்தில் இல்லை. நம்மைப் போன்ற சூழலில் இதைச் சரியாகச் செய்யப் பார்ப்பவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். எத்தியோப்பியாவிலும் தன்சானியாவிலும் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களின் கொட்டிலுக்கே போய்ப் பால் அளந்து, மயிரும் எடுத்து, கலப்பு மாடுகளுக்கென்று தனி மதிப்பீட்டை உருவாக்கியிருக்கிறது. இந்தியாவில் 2024 ஒக்டோபரில் பசுவுக்குக் 'கௌ சில்லு', எருமைக்கு 'மஹிஷ் சில்லு' என்று இரண்டை வெளியிட்டார்கள். இந்திய இனங்களை வைத்தே செய்த சில்லு என்பதால், சஹிவால் இரத்தம் ஓடும் நம் மாடுகளுக்கு வருங்காலத்தில் அது நெருங்கிய உறவாகலாம். நம் கால்நடைத் திணைக்களமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் அந்தப் பக்கம் கண் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான். 14 மாட்டில் வருடத்துக்குப் பத்துப் பதினொரு கன்று பிறக்கும் என்று வைப்போம். பாதி நாம்பன். மிஞ்சும் ஐந்து பெண் கன்றில் ஒன்று வளரும்போதே தவறலாம். நான்கு நாகுகள். வயதான, சினைபிடிக்காத மாடுகளைக் கழித்து அவற்றின் இடத்தை நிரப்பவே வருடத்துக்கு மூன்று வேண்டும். நான்கில் மூன்றை எப்படியும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். அப்படியென்றால் சோதனை எதைத் தீர்மானிக்கும்? தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நாகு மிஞ்சும் பண்ணைக்குத்தான் அது உழைக்கும். 500 மாடு வைத்து, பெண் கன்றுக்கென்று பிரித்த விந்தைப் போட்டு, வருடத்துக்கு இருநூறு நாகு எடுத்து, அதில் பாதியை விற்கிறவருக்குச் சோதனைச் செலவு இலாபம். உங்களுக்கு அந்தக் காசு கொட்டிலின் கூரைக்குப் போகட்டும்.

கூரை என்று சும்மா சொல்லவில்லை. மாட்டுக்கு வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து எவ்வளவு சுமை என்று அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் 72ஐத் தாண்டினால் பால் மாடு சிரமப்படத் தொடங்கும். நிறையக் கறக்கும் மாட்டுக்கு 68இலேயே ஆரம்பித்துவிடும் என்பது பிந்திய ஆய்வுகளின் முடிவு. கொழும்பு, ஹோமாகமப் பக்கத்தில் மத்தியானம் 31 பாகை, ஈரப்பதம் 75 சதவீதம் என்று எடுத்தால் கணக்கு 84ஐத் தொடும். இரவு 25 பாகைக்கு இறங்கினாலும் ஈரப்பதம் 90க்கு ஏறிவிடும். அப்போதும் கணக்கு 76. அதாவது உங்கள் மாட்டுக்கு இரவிலும் ஓய்வில்லை. நுவரெலியாவிலோ அம்பேவலவிலோ இருக்கும் மாட்டுக்கு இரவில் உடம்பு ஆற நேரம் கிடைக்கும். உங்கள் மாட்டுக்கு அது கிடைக்காது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டிலுக்குள் போய் நின்று, ஒரு மாட்டின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் அது தின்கிற தீனியில் ஒரு பங்கு பாலுக்குப் போகாமல், உடம்பைக் குளிர வைக்கவே போகிறது. தகரக் கூரை தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள். காற்றாடி போட்டு, முதுகு நனையத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் மட்டும் தெளித்துக் காற்று இல்லாமல் விட்டால் ஈரப்பதம் கூடி நிலைமை மோசமாகும். இரண்டும் சேர வேண்டும்.

இனி அந்தக் காளைப் பட்டியலுக்கு வருவோம்.

முகவர் வட்டம் போட்டுக் காட்டிய ஹோல்ஸ்டீன் காளைக்குப் பால் என்ற இடத்தில் 1,500க்குக் கொஞ்சம் மேலே போட்டிருக்கிறது. அது பவுண்ட். கிலோவாக மாற்றினால் 680ஐத் தாண்டும். இந்தக் காளையின் விந்தைப் போட்டால் ஒரு கறவைக் காலத்துக்கு 680 லீற்றர் கூடும் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது அப்படியில்லை. அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட வருடத்தில் பிறந்த பசுக்களின் சராசரியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அந்த நாட்டுத் தீனியில், அந்த நாட்டுக் கொட்டிலில், இந்தக் காளையின் மகள்கள் சராசரியாக அதைவிட எவ்வளவு கூடக் கறப்பார்கள் என்பதுதான் அந்த எண். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அடிப்படையையே மாற்றுவார்கள். கடைசியாக 2025 ஏப்ரலில் 2020இல் பிறந்த பசுக்களுக்கு நகர்த்தினார்கள். அன்று எல்லாக் காளைகளின் எண்ணும் ஒரே நாளில் மாறியது, காளைகள் அப்படியே இருந்தன. அதனால் பட்டியல் எந்த மாதத்தியது என்று முதலில் பாருங்கள். பழைய பட்டியலின் எண்ணையும் புதிய பட்டியலின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கோ-3 என்ற தீவனப் புல்லும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொஞ்சம் தவிடும் தின்று 10 லீற்றர் தரும் கொட்டிலில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். சில நேரம் தலைகீழாகவும் வேலை செய்யும். நிறையப் பாலுக்குப் பிறந்த மாடு தீனி போதாவிட்டாலும் பாலைக் குறைக்காது, தன் உடம்பைக் கரைத்துப் பால் தரும். எலும்பு தெரிய நிற்கும், வேட்கைக்கு வராது. பார்க்கவே மனம் பொறுக்காது. கப்பலில் இறக்கிய உயர்தர மாடுகளை வாங்கி நொந்துபோன குடும்பங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. மாட்டின் பரம்பரையில் குறை இல்லை. அந்தப் பரம்பரைக்கு வேண்டிய தீனியையும் குளிரையும் நம்மால் கொடுக்க முடியவில்லை. உங்கள் பிரீசியன்-சஹிவால் மாடுகளுக்கு மேலே இன்னும் ஹோல்ஸ்டீனை ஏற்றிக்கொண்டே போனால், அடுத்த தலைமுறையில் சஹிவாலின் தாங்கும் சக்தி பாதியாகிவிடும். தாழ்நிலத்தில் அதை நான் செய்ய விடமாட்டேன். அந்த நான்குக்கும் பிரீசியன்-சஹிவால் கலப்புக் காளை அல்லது ஜேர்சி, மற்றவற்றுக்கு ஜேர்சி அல்லது ஜேர்சி-சஹிவால். முகவர் காட்டிய ஹோல்ஸ்டீன் வேண்டாம்.

ஜேர்சிக் காளைகளில் பால் எண் மிக உயரமாக இருப்பதை விட்டுவிட்டு, மகள்களின் சினைப்பிடிப்பு, ஆயுள், மடி நோய் இந்த மூன்றும் நன்றாக இருப்பதை எடுங்கள். அதோடு நம்பகச் சதவீதத்தையும் பாருங்கள். 70 என்று இருந்தால் அது மகள்களே இல்லாத இளம் காளை. 90க்கு மேல் என்றால் மகள்கள் கறந்து காட்டிய காளை. இளம் காளையில் தவறில்லை, ஆனால் ஒரே இளம் காளையின் விந்தையே எல்லா மாட்டுக்கும் போடாதீர்கள். 70 சதவீத நம்பகம் என்றால் எண் பின்னால் ஏறவும் இறங்கவும் இடம் இருக்கிறது. மூன்று நான்கு காளைகளாகப் பிரித்தால் ஒன்று இறங்கினாலும் மற்றவை தாங்கும். அது போக, ஒரே காளையைத் திரும்பத் திரும்பப் போட்டால் மூன்று வருடத்தில் மகளுக்கே தகப்பனின் விந்தைப் போடும் நிலை வரும். இந்தச் சோதனை வந்த பிறகு உலகம் முழுக்கச் சிறந்த சில காளைகளின் பின்னால் எல்லாரும் ஓடுவதால், ஹோல்ஸ்டீனில் நெருங்கிய இரத்தக் கலப்பு முன்னைவிட வேகமாக ஏறுகிறது. அந்த விடயத்தில் நாம் கவனமாக இருப்போம்.

பட்டியலில் இன்னொரு சின்னக் குறியும் இருக்கும், முகவர்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பெயர் பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். அதற்கு 16,000 மகள்கள். பேரப்பிள்ளைகளைச் சொல்லி முடியாது. அந்த இனம் முழுவதும் அதன் இரத்தம் பரவிவிட்டது. அதன் ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தது. ஒரு கன்றுக்குத் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் அந்தப் பிழை வந்து சேர்ந்தால், அது வயிற்றிலேயே அழிந்துவிடும். ஐம்பது வருடமாக யாருக்கும் தெரியாது. கரு அழிந்தால் விவசாயி ஊசி போட்டவரைத் திட்டுவார், அல்லது மாட்டில் குறை என்பார். 2011இல் சில்லுத் தகவல்களைப் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த மாடு ஒன்றுகூட உயிரோடு இல்லையே என்று கவனித்தார்கள். அப்படித்தான் அது பிடிபட்டது. அந்தப் பிழையால் உலகம் முழுக்க 5,25,000 கருக்கள் அழிந்திருக்கும் என்றும், நட்டம் 42 கோடி டொலர் என்றும் பின்னால் கணித்தார்கள். சீஃபின் வம்சம் கூட்டித் தந்த பாலின் பெறுமதி அதைவிடப் பல மடங்கு, அதுவும் உண்மை. ஆனால் இன்று அந்த நட்டம் இல்லாமலே பாலை எடுக்க முடியும். பிழை உள்ள காளை எது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, பட்டியலின் அந்தச் சின்னக் குறி அதற்குத்தான்.

ஜேர்சியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, அதை ஜேஎச்1 என்பார்கள். கண்டுபிடித்த காலத்தில் அமெரிக்க ஜேர்சிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அதைக் காவிக்கொண்டிருந்தது. காவியாக, அதாவது அந்தப் பிழையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றுச் சுமந்துகொண்டு, இருக்கும் மாடு நன்றாகவே இருக்கும், நன்றாகவே கறக்கும். காவிப் பசுவுக்குக் காவிக் காளையின் விந்து விழுந்தால்தான் நான்கில் ஒரு கரு ஆரம்பத்திலேயே அழியும். மாடு திரும்ப வேட்கைக்கு வரும், நீங்கள் திரும்ப ஊசிக்குக் காசு கொடுப்பீர்கள். உங்கள் மாடுகளைச் சோதிக்காமலே இதைத் தவிர்க்கலாம். காளை காவியாக இல்லாவிட்டால் போதும், பசு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இருக்கும் ஜேர்சிகளில் இரண்டாவது காளை ஜேஎச்1 காவி என்று குறித்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டும் சரி.

வெயிலுக்கும் ஒரு மரபணு இருக்கிறது, தாழ்நிலத்தில் இருக்கும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கரீபியன் தீவுகளின் செனிபோல் மாட்டில் 'ஸ்லிக்' என்ற ஒரு மாற்றம் உண்டு. அது இருந்தால் மயிர் குட்டையாக, வழவழப்பாக இருக்கும். மாடு வெப்பத்தை நன்றாகத் தாங்கும். புளோரிடாவில் அதை ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுவந்து பார்த்தார்கள். கோடையில் மற்ற மாடுகளுக்குப் பால் குறைந்த அளவுக்கு இவற்றுக்குக் குறையவில்லை. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், குணம் வெளிப்படும். தாய்வழி, தகப்பன்வழி என்று அந்த மரபணுவின் இரண்டு படியும் (பிரதியும்) உள்ள காளை கிடைத்தால் எல்லாக் கன்றுக்கும் அது போகும். ஒரு படி உள்ள காளை என்றால் பாதிக் கன்றுக்கு. நேரடியாக அந்த மாற்றத்தையே பார்க்கும் சோதனை என்பதால், நான் மேலே சொன்ன அடையாளச் சிக்கல் இதில் இல்லை. எந்த நாட்டு மாட்டிலும் அது அதுதான். முகவரிடம் ஸ்லிக் காளை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் நாலு பேர் கேட்டால் கொண்டுவரப் பார்ப்பார்கள். வெளிநாட்டு விந்து எதுவானாலும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியோடு வந்ததா என்று கேட்டு, ஸ்ட்ரோவில் (விந்து அடைத்த சின்னக் குழாயில்) அச்சடித்த காளை இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போட விடுங்கள். காசு கொடுத்து வாங்குவது அந்த இலக்கத்தைத்தான்.

அந்த இலக்கத்தை எழுதி வைக்க உங்களிடம் ஒரு கொப்பி இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, தம்பிக்கு எல்லாம் ஞாபகம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் ஞாபகத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏழாம் மாடு சென்ற தடவை எத்தனை ஊசிக்குச் சினைபிடித்தது, அதன் தகப்பன் எது, ஈன்று எத்தனை நாளில் வேட்கைக்கு வந்தது என்று கேட்டால் பதில் கொப்பியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் இலக்கம் போடுங்கள், இலக்கத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊசி போட்ட திகதி, ஸ்ட்ரோ இலக்கம், ஈன்ற திகதி, கன்று ஆணா பெண்ணா, மடி வீக்கம் வந்த திகதி. மாதத்தில் ஒரு நாள் காலைப் பாலையும் மாலைப் பாலையும் மாடு மாடாக அளந்து எழுதுங்கள், தினமும் வேண்டாம். அமெரிக்கச் சில்லின் எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் இதே வேலைதான். அங்கே விவசாயிகள் நூறு வருடத்துக்கு மேலாக இதை எழுதி வந்தார்கள், சில்லு பிறகு வந்தது. நம் நாட்டில் இப்படி எழுதிய கொப்பிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்தான் நம் கலப்பு மாட்டுக்கு ஒரு மதிப்பீடு செய்யவே முடியும். அதுவரைக்கும் உங்கள் நாகுகளில் எதை வைத்திருப்பது என்பதற்கு மயிரை விட அந்தக் கொப்பி நன்றாகப் பதில் சொல்லும். தாய் ஒவ்வொரு வருடமும் ஈன்றதா, மடி கெடாமல் இருந்ததா, வெயிலில் மூச்சு வாங்காமல் நின்றதா என்று பாருங்கள்.

கடைசியாக ஏ2 பால். இதைச் சோதிக்கலாம், இதுவும் நேரடியாக மரபணுவையே பார்ப்பது, உங்கள் கலப்பு மாட்டிலும் முடிவு சரியாக இருக்கும். பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தில் 67ஆவது இடத்தில் ஒரே ஒரு வித்தியாசம். அதை வைத்து ஏ1, ஏ2 என்று பிரிக்கிறார்கள். சஹிவால் போன்ற திமில் மாடுகளில் பெரும்பாலும் ஏ2தான். வால் நுனியிலிருந்து இருபது முப்பது மயிரை வேரோடு பிடுங்க வேண்டும், கத்தரித்தால் பயனில்லை, வேரில்தான் டி.என்.ஏ. இருக்கிறது. காய்ந்த மயிராக, மாட்டுக்கு ஒரு காகித உறையில் போட்டு இலக்கம் எழுத வேண்டும். ஈரமாகப் பொலித்தீன் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஆனால் வாங்குகிறவர்களிடம் என்ன சொல்லி விற்பீர்கள் என்பதை யோசியுங்கள். ஏ1 பாலால் நீரிழிவும் இதய நோயும் வரும் என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் ஆராய்ந்து, அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. பால் குடித்தால் வயிறு பொருமும் சிலருக்கு ஏ2 இலகுவாக இருக்கிறது என்று காட்டும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. பாற்சர்க்கரை செரிக்காதவருக்கு ஏ2 பாலிலும் அதே சர்க்கரைதான். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஏ2 என்று நம்பிக் கொடுப்பது ஆபத்து. உங்களிடம் வாங்கும் தாய்மாருக்கு இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஏ2 என்று பெயர் போட்டு விற்பதென்றால் 14 மாட்டையும் சோதித்து, ஏ2 மாடுகளைத் தனியாகக் கறந்து, தனிக் கலனில் வைக்க வேண்டும். ஒரு ஏ1 மாட்டின் பால் கலந்தாலும் அந்தப் பெயரைப் போட முடியாது. இரண்டு பேர் பார்க்கும் கொட்டிலில் அது இப்போது கூடுதல் சுமை. அவசரம் இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. நான் சரி என்று சொன்ன இரண்டு ஜேர்சிக் காளைகளில் ஒன்றுக்குப் பட்டியலிலேயே ஏ2ஏ2 (இரண்டு படியும் ஏ2) என்று போட்டிருக்கிறது. அதைப் போட்டால் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் தகப்பன்வழியில் ஒரு ஏ2 படி வந்துவிடும், அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் மிருக வைத்தியர்